நாலு லிட்டர்

பிள்ளைகள் வளர்ந்ததற்கு விலை நாலாயிரம் என்றாள் கதவுக்காரி.

எதிரே நின்றவர் கையைக் கதவு நிலையின் மேலிருந்து எடுக்கவில்லை. முழங்கால் உயரத்தில் தொடங்கி அவர் தோள் வரைக்கும் பென்சில் கோடுகள் ஏறியிருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தேதி. அவர் வீட்டை விற்றார், வாங்கியவன் இடித்தான், இடித்த மரமெல்லாம் லாரியில் இவள் பழைய கதவுக் கடைக்கு வந்து சேர்ந்தது. நிலையைத் தேடிக்கொண்டு அவர் மூன்றாம் நாள் வந்துவிட்டார்.

"மரத்துக்கு மூவாயிரம். கோட்டுக்கு ஆயிரம்."

"கோடு போட்டவனே நான்தாம்மா. எங்க பிள்ளைங்க."

"பிள்ளைங்க உங்களோடதுதான் சார், யாரு இல்லேன்னா? நிலை என்னோடது. கோடு நிலை மேல இருக்கு. வேணும்னா இழைப்புளி போட்டு கோட்டை எடுத்துட்டுத் தரேன், மூவாயிரம் கொடுங்க."

மனிதர் பதறிப்போனார். மூவாயிரத்து இருநூறில் முடிந்தது. வண்டிக்கூலியும் அவர் தலையில். அவர் போனபின், தகரக் கொட்டகைக்குள் ஒரு ஜன்னல் சட்டத்தைச் சீவிக்கொண்டிருந்த புருஷன் தலையை நிமிர்த்தினார். அவர் தச்சர். வாங்குவதும் விற்பதும் அவள், சீவுவதும் பூசுவதும் அவர். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான்.

"கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா உனக்கு?"

"இருக்கு. அதான் எண்ணூறு குறைச்சேன். கடைக்குள்ள வந்ததும் போய்க் கட்டிப்பிடிச்சுக்கிட்டா விலை ஏறாதா? ஆசையை மறைக்கத் தெரியாதவர் அவரு. நான் என்ன பண்ண?"

அவளுக்கு ஒரே ஒரு கொள்கைதான். யார் எதைச் சொன்னாலும் அதில் பாதிதான் நிஜம். விற்பவன் சொல்லும் விலையில் பாதி, வாங்குபவன் பாடும் பஞ்சத்தில் பாதி, லாரிக்காரன் சுமந்ததாகச் சொல்லும் பாரத்தில் பாதி. பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை கையில் பன்னிரண்டு வீட்டு வேலை இருக்கிறது என்றார்கள். ஆறு என்று மனசுக்குள் எழுதிக்கொண்டுதான் கழுத்தை நீட்டினாள். ஆறுதான் இருந்தது. அன்றைக்குப் பிடித்த கொள்கை.

இந்தக் கொள்கைதான் அவளை ஆஸ்பத்திரியில் மாட்டிவைத்தது.

லாரி மேல் ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரத்தத்தைச் சோதித்தார்கள். இரும்புச் சத்து குறைவு, எங்கேயோ கசிகிறது, குடலைப் பார்த்துவிட வேண்டும் என்றார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு பாக்கெட் தூளைக் கொடுத்து, நாலு லிட்டர் தண்ணீரில் கரைத்து முழுக்கக் குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். குடல் கழுவிவிட்ட மாதிரி இருந்தால்தான் உள்ளே விடும் கேமராக் குழாய்க்குக் கண் தெரியுமாம்.

நாலு என்றால் இரண்டு. இரண்டு லிட்டரைக் குடித்தாள், மீதியைக் கொட்டகைக்குப் பின்னால் சாக்கடையில் ஊற்றினாள். மறுநாள் குழாய் உள்ளே போனது, வந்தது, யாரும் எதுவும் கேட்கவில்லை. கொள்கை மறுபடியும் ஜெயித்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ரிப்போர்ட்டில் வேறு செய்தி இருந்தது. பெருங்குடல் ஒரு பை மாதிரி தொடங்கும் இடத்தில், குடல்வால் வந்து திறக்கும் வாயிலேயே, ஒரு சதை வளர்ச்சி. உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியவில்லை.

அந்தத் 'தெரியவில்லை'யைக் கையில் பிடித்துக்கொண்டு அறுவை டாக்டர் பேசினார். முதல் பார்வையிலேயே அவருக்குக் கத்தி டாக்டர் என்று பேர் வைத்துவிட்டாள்.

"இப்போதைக்குப் புற்றுன்னு சொல்ல முடியாது. விட்டா ஆகலாம். எவ்வளவு உள்ள போயிருக்குன்னு தெரியாததால, வலது பக்கக் குடலையே சேர்த்து எடுத்துட்டு, ரெண்டு நுனியையும் இணைச்சுடறது நல்லது."

"எவ்வளவு எடுப்பீங்க?"

"ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மியா வரும்."

"ஒரு ஜாண் போதாதா டாக்டர்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது என்ன துணியாம்மா, கிழிச்சுக் கொடுக்க?"

"துணியா இருந்தா நானே தாராளமா கிழிச்சுக் கொடுத்திருப்பேன். குடலாச்சே. அதுக்கப்புறம் எத்தனை நாள் படுக்கணும்?"

"ரெண்டு மாசம் கனமா எதையும் தூக்கக் கூடாது."

"கதவுக்கடையில கனமில்லாதது தாழ்ப்பாள்தான் டாக்டர். அதை மட்டும் தூக்கி எப்படிப் பொழைக்கிறது?"

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்தபின் மனிதர்கள் கொஞ்சம் இறங்குவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். இறங்கினார். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இந்த மாதிரி வளர்ச்சியைக் கத்தி வைக்காமல், குழாய் வழியாகவே எடுக்கப் பார்ப்பார், கேட்டுப் பாருங்கள் என்று ஒரு சீட்டு எழுதினார்.

குழாய் டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. ஒரு தாளில் பை ஒன்றை வரைந்தார், அதன் அடியில் ஒரு வாலை வரைந்தார், வால் சேரும் வாயில் பேனாவால் ஒரு புள்ளியை அழுத்தி வைத்தார்.

"வளர்ச்சியோட ஓரம் எல்லாப் பக்கமும் என் கண்ணுக்குத் தெரிஞ்சா, கம்பி வளையத்தைப் போட்டு இறுக்கி எடுத்துடுவேன். வாலுக்குள்ள ஆழமா இறங்கிப்போயிருந்தா நான் தொட மாட்டேன். அப்போ அவர் சொன்ன அறுவைதான்."

"எடுக்கிறப்ப ஏதாவது ஆகுமா?"

"ரத்தம் வரலாம். குடல்ல ஓட்டை விழலாம். சிலருக்கு ரெண்டு மூணு நாள்ல வால் வீங்கிக் காய்ச்சல் வரும், அதுக்கே அவசரமா அறுவை பண்ண வேண்டி வரலாம். அதனாலதான் குடல் சுத்தமா இருக்கணும்னு சொல்றது. ஓட்டை விழுந்தாலும் உள்ள அசுத்தம் இருக்கக் கூடாது. நாலு லிட்டர், ஒரு டம்ளர் மிச்சம் வைக்காதீங்க."

"சரிங்க டாக்டர்" என்றாள். பாதிதான் நிஜம் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது.

அந்த வாரம் தச்சர் ஒரு கதவைப் பொருத்த வெளியூர் போயிருந்தார். மாடியில் குடியிருந்த நாத்தனாருக்கு பஸ் ஸ்டாண்டு டிக்கெட் கவுண்டரில் வேலை. கேட்க ஆளில்லை. இரண்டு லிட்டர் வயிற்றுக்குள், இரண்டு லிட்டர் சாக்கடைக்குள்.

மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் டாக்டரம்மா நின்றார். அன்று காலை ஊரிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த தச்சர் கால்மாட்டில் நின்றார்.

"எடுத்தாச்சா?"

"குழாயைத்தான் வெளிய எடுத்தேன். வேற ஒண்ணும் எடுக்கல."

கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். மஞ்சளும் பச்சையுமாகக் குழம்பின சேறு. "இதுக்கடியிலதான் வாலோட வாய் இருக்கு. கழுவிக் கழுவிப் பார்த்தேன், போகல. எவ்வளவு குடிச்சீங்க?"

"சொன்னதைத்தான்."

தச்சர் திரைக்குக் கிட்டே போய், மரத்தில் விரிசல் பார்ப்பது போல் குனிந்து பார்த்தார்.

"டாக்டர், நிலைக்கட்டையில தாழ்ப்பாள் துளைக்குள்ள உளுத்துப்போயிருந்தா, முதல்ல துளையைச் சுரண்டிச் சுத்தம் பண்ணிட்டுத்தான் ஆழம் பார்ப்போம். அழுக்கோட பார்த்தா எல்லா உளுப்பும் ஆழமாத்தான் தெரியும். அது மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

அவர் பெண்டாட்டி பக்கம் திரும்பினார். "எவ்வளவு குடிச்ச?"

"ரெண்டு."

"ரெண்டு டம்ளரா?"

"லிட்டர்தான். என்ன பேச்சு இது, அவ்வளவு மோசமா நான்?"

"போன தடவை, அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில?" என்றார் டாக்டரம்மா.

கதவுக்காரி போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"அப்போ அவங்க 'தெரியல'ன்னு எழுதினது வளர்ச்சியால இல்லம்மா. உங்களால. அந்த ஒரு வார்த்தையை வெச்சுத்தான் அறுவை டாக்டர் உங்களுக்கு இவ்வளவு குடலை அளந்திருக்கார்."

டாக்டரம்மா கையால் அளவு காட்டினார். எத்தனையோ பேரை எத்தனையோ விதமாக ஏமாற்றியிருந்தாலும், தன் குடலில் ஒரு முழத்துக்குத் தானே கூடுதல் விலை ஏற்றிக்கொண்டது கதவுக்காரிக்கு அன்றுதான் உறைத்தது. அவள் வாயிலிருந்து வார்த்தை வராத அதிசயத்தைத் தச்சர் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். அப்புறம்தான் கோபம் வந்தது அவருக்கு. கோபத்தில் அவர் கத்துகிறவர் இல்லை. போய் ஜன்னல் கதவின் கீலை ஆட்டிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் போடணும்" என்றார்.

"அடுத்த வாரம் இதே நாள் இன்னொரு தடவை பார்க்கிறேன்" என்றார் டாக்டரம்மா. "அன்னிக்கும் தெரியலன்னா என்கிட்ட வராதீங்க. அறுவைக்குப் போயிடுங்க."

"தெரியும் டாக்டர்" என்றாள் கதவுக்காரி. "அடுத்த வாரம் உங்களுக்குத் தெரியும்."

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையின் தகரம் பகல் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தது. ஈரத்தில் கதவுகள் ஊதி, அடுக்கியிருந்த வரிசையில் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டன. ஒன்றை உருவ மூன்று பேர் வேண்டியிருந்தது. கதவுக்காரி ஆட்களைச் சத்தம் போட்டுக்கொண்டே, கீரை தொடாமல், பருப்பு தொடாமல், கொட்டையுள்ள பழம் தொடாமல் மூன்று நாள் வெறும் சோறும் தெளிந்த சூப்பும் சாப்பிட்டாள். நாலாம் நாள் சோறும் இல்லை. பால் சேர்க்காத தேநீர், சூப்புத் தண்ணீர், அவ்வளவுதான்.

நாத்தனார் லீவு போட்டுவிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள், கையில் கடிகாரத்தோடு.

"அண்ணி, கால் மணிக்கு ஒரு டம்ளர். இப்போ ரெண்டு லிட்டர், காலையில ஆறு மணிக்கு மறுபடி ரெண்டு லிட்டர். நான் எதிர்ல உட்காருவேன். இந்த வீட்டுச் சாக்கடைக்கு இன்னிக்கு ஒரு சொட்டுக் கிடைக்காது."

"உன் அண்ணன் ஏவிவிட்டாரா?"

"அவரா? அவரு உங்களை ஏவ ஆளில்லாமத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காரு. குடிங்க. எங்க கவுண்டர்ல பேரம் கிடையாது. போட்டிருக்கிற விலை போட்டிருக்கிற விலைதான்."

"அதான் உங்க கவுண்டருக்கு ஒருத்தனும் சிரிச்ச முகமா வரமாட்டேங்கிறான்."

முதல் டம்ளர், எலுமிச்சம்பழத்தை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அதில் சோப்புப் போட்டுத் துணியலசின மாதிரி இருந்தது. இரண்டாவது அதைவிட மோசம், ஏனென்றால் என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. நாலாவது டம்ளருக்கு வயிறு கடகடவென்று இறங்கத் தொடங்கியது. அதற்கப்புறம் கதவுக்காரிக்கு நாற்காலிக்கும் கக்கூஸுக்கும் இடையே பதினோரு அடிதான் உலகம்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஒரு பள்ளிக்கூடத்துக்காரர் எட்டு ஜன்னல் கேட்டு வந்தார். தச்சருக்கு விலை பேச வராது. கக்கூஸ் கதவருகே வந்து நின்றார்.

"எட்டு ஜன்னல். ஆறாயிரம்னு சொல்றாரு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "குடை வெச்சிருக்காரா?"

"வெச்சிருக்காரு. எதுக்கு?"

"புதுசா, பழசா?"

"புதுசு."

"ஒன்பதாயிரம்னு சொல்லுங்க."

அவர் மழையில் ஓடினார், திரும்பினார். "ஏழாயிரம்ங்கிறாரு. நீ எங்கேன்னு கேட்கிறாரு."

"பெரிய பார்ட்டியோட பேச்சுவார்த்தையில இருக்காங்க, வெளிய வர முடியாதுன்னு சொல்லுங்க. எட்டாயிரத்து ஐநூறு."

நாத்தனார் சிரித்துச் சிரித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். எட்டாயிரத்தில் முடிந்தது. எட்டு ஜன்னலும் வண்டியில் ஏறும் சத்தத்தைக் கேட்டபடி கதவுக்காரி அன்றைய கடைசி டம்ளரைக் குடித்தாள்.

காலை ஆறு மணிக்கு மறுபடி. மழை விட்டிருந்தது, முற்றத்தில் தேங்கிய தண்ணீரில் மரத்தூள் மிதந்தது. இந்த முறை வயிறு எதிர்த்தது. ஆறாவது டம்ளரில் பாதி திரும்பி வந்துவிட்டது. முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். வெளியே போவது தெளிந்த மஞ்சள் தண்ணீராக மாறிவிட்டது, இரண்டு தடவை நாத்தனாரே பார்த்துச் சொல்லிவிட்டாள். ஜாடியில் இன்னும் ஒரு டம்ளர் இருந்தது.

நாத்தனார் ஜாடியையும் பார்த்தாள், அண்ணியின் வெளுத்த உதட்டையும் பார்த்தாள். "போதும் அண்ணி. ஒரு டம்ளர்தானே? தண்ணி சுத்தமாத்தான் போகுது. விடுங்க."

"எவ்வளவு சொன்னாங்க?"

"நாலுதான். இருந்தாலும்..."

"கால் பங்கு கிழிஞ்ச டிக்கெட்டைக் கொண்டுவந்தா பஸ்ல ஏத்துவீங்களா?"

"மாட்டோம்."

"ஊத்து."

நாத்தனார் ஊற்றினாள். கதவுக்காரி மூக்கைப் பிடிக்கவில்லை, கண்ணை மூடவில்லை. கொடுத்த விலையை ஒவ்வொரு நோட்டாக எண்ணிப் பார்க்கிறவனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது போல, ஒவ்வொரு வாயாகக் குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சூப்பு சூடு பண்ணப் போனாள்.

ஆஸ்பத்திரியில், திரையைப் பார்க்க வேண்டும், முழுசாகத் தூங்க வைக்காதீர்கள் என்று கதவுக்காரி கேட்டுக்கொண்டாள். சரக்கு எடைபோடும்போது நான் பக்கத்தில் இருப்பேன் டாக்டர், பழக்கம் என்றாள். டாக்டரம்மா லேசான ஊசியோடு நிறுத்தினார்.

திரையில் இளஞ்சிவப்பாக ஒரு சுரங்கம் விரிந்தது. சேறு இல்லை, செத்தை இல்லை. வளைவுகள் பளபளவென்று ஈரத்தில் மின்னின.

"சுத்தமா இருக்கு" என்றார் டாக்டரம்மா.

"நாலு லிட்டர்" என்றாள் கதவுக்காரி, நாக்கு குழற.

குழாய் கடைசியில் அந்தப் பைக்குள் போய் நின்றது. ஒரு சின்ன வாய். அதன் உதட்டில் வெளிறிய சதை ஒன்று படர்ந்து, ஒரு பக்கம் உள்ளே மடங்கிப் போயிருந்தது. டாக்டரம்மா காற்றை எடுத்துவிட்டுத் தண்ணீரை விட்டார். பை மெல்ல நிரம்பியது. தண்ணீருக்குள் அந்தச் சதை இளகி, அசைந்து, குளத்தடிப் பாசி போல் மேலே எழும்பியது. உள்ளே மடங்கியிருந்த ஓரமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

"பாருங்க. உள்ள இருக்கிறது மிதந்து வருது."

"முழுசா வருதா?"

"பேசாம இருங்க. வயிறு ஆடுது."

கம்பி வளையம் நீண்டு, விரிந்து, சதையின் மேல் இறங்கி இறுகியது. ஒரு கணம் எல்லாம் நின்றது. பிறகு அந்த இடம் வெறும் இடமாக இருந்தது, நடுவில் வாய், சுற்றிலும் வெண்மையாக ஒரு வட்டம். வாயின் உள்விளிம்பில் அரிசி மணியளவு ஒன்று மிச்சம். மறுபடி தண்ணீர், மறுபடி வளையம், அதுவும் வந்தது. அதற்குமேல் பார்க்க அவளுக்கு முடியவில்லை, தூங்கிப்போனாள்.

இரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது. வலது பக்க அடிவயிற்றில் கைவைத்தால் துள்ளினாள். வாய்க்குள் தண்ணீர்கூடக் கிடையாது என்று சொல்லிக் கையில் மருந்தை ஏற்றினார்கள். பழைய கத்தி டாக்டரையே வரவழைத்தார்கள். அவர் வயிற்றை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினார்.

"வால் வீங்கியிருக்கு. மருந்துக்கு அடங்குதான்னு நாளைக்கு மதியம் வரைக்கும் பார்ப்போம். அடங்கலன்னா வாலை எடுத்துடணும்."

"வாலை மட்டுமா, முழமுமா?"

"வாலை மட்டும்."

"சரி. ஆனா எனக்கு ஒரு பொருளை வெச்சிருக்கத்தான் பிடிக்கும் டாக்டர். மதியம்னா மதியம்தான். பன்னெண்டு மணிக்கே வந்து நிக்காதீங்க."

தச்சர் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு சின்னக் கட்டையும் உப்புத்தாளும். தேய்த்துக்கொண்டே இருந்தார். நர்ஸ் வந்து, தூசி பறக்கிறது என்று சத்தம் போட்டாள். கட்டையைப் பையில் வைத்துவிட்டு, வெறும் விரலை வெறும் விரலால் தேய்த்தார்.

"பயமா இருக்கா?" என்றாள் கதவுக்காரி.

"இல்ல."

"பொய் சொல்லத் தெரியாதவரால கடை நடத்த முடியுமா? இதுக்குத்தான் நான் எழுந்து வரணும்."

காலையில் காய்ச்சல் இறங்கியது. பத்து மணிக்கு வயிறு தொட்டால் வலித்தது, துள்ளவில்லை. கத்தி டாக்டர் ஒரு மணிக்குத்தான் வந்தார். அழுத்திப் பார்த்துவிட்டு, "பொருளை வெச்சுக்கங்க" என்றார்.

பயாப்சி ரிப்போர்ட் இரண்டு வாரம் கழித்து வந்தது. டாக்டரம்மா அதை முதலில் தானே ஒரு தடவை படித்துவிட்டு, பிறகு படிப்படியாகச் சொன்னார். பெரிய துண்டு பதினாலு மில்லிமீட்டர். சின்னது நாலு. கெடுதலாக மாறத் தொடங்கியிருந்த வளர்ச்சிதான். புற்று எங்கேயும் இல்லை. மூன்று பக்க ஓரமும் சுத்தம்.

"நாலாவது பக்கம்?"

"வாலுக்குள்ள இருந்த பக்கம். அது தனித் துண்டா வந்ததால அந்த ஓரத்தை அவங்களால பார்க்க முடியல. என் கண்ணுக்கு எல்லாம் வந்துடுச்சு. மைக்ரோஸ்கோப்புக்குத் தெரியல."

"உங்க கண்ணுக்கு வந்துடுச்சில்ல? அதையே எழுதிக் கொடுங்களேன், நாலு பக்கமும் சுத்தம்னு. ஒரு வரி. மனசு நிறைஞ்சு போவேன்."

"தெரியாததைத் தெரியும்னு எழுத மாட்டேன்மா."

"தொண்ணூறு பங்கு?"

"எழுத மாட்டேன். ஆறு மாசம் கழிச்சு உள்ள பார்ப்போம். அப்போ தெரிஞ்சதை எழுதுவேன்."

தச்சர் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். இன்னொரு விலை சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார். அவள் ரிப்போர்ட்டை வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"இந்த அம்மா கடை வெச்சா நான் பக்கத்துலயே கடை போட மாட்டேன்" என்றாள். எழுந்தாள்.

கடைக்கு வந்ததும் மேஜை இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தாள். வந்த மரமும் போன மரமும் எழுதுகிற நோட்டு. புதிதாக ஒரு பக்கம் திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கொட்டகையில் உளி தட்டும் சத்தத்துக்கு நடுவே நிதானமாக எழுதினாள்.

வளர்ச்சி, ஒன்று.
எடுத்தது, துண்டு இரண்டு. பதினாலு, நாலு.
புற்று, இல்லை.
குடல், குறையவில்லை. வாலும் இருக்கிறது.
ஓரம், மூன்று சுத்தம். ஒன்று தெரியாது.
பாக்கி, ஆறு மாதம் கழித்து ஒரு பார்வை. கொடுக்க வேண்டியது நான்.